எதிராளிக்கு மகள் உண்டா?

பிறர் கருத்தை எதிர்கொள்ள ஏழு வழி வகுத்தார் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பின் களையலாம், நூலில் குற்றம் காட்டலாம், இன்னும் மூன்று. எதிராளிக்கு மகள் இருக்கிறாளா என்று முதலில் விசாரிக்கும் வழி அவருக்குத் தோன்றவில்லை. பாவம், இணையம் இல்லாத காலம்.

அந்தக் குறையை நம்மவர்கள் தீர்த்துவிட்டார்கள். 2020 அக்டோபர் ஐபிஎல்லில் கொல்கத்தாவிடம் 10 ரன்னில் தோற்றது சென்னை. தோனியின் ஆட்டத்தைத் திட்ட ஸ்கோர் அட்டையே போதும். ஆனால் திட்டு போய்ச் சேர்ந்தது அவருடைய ஐந்து வயது மகளிடம், பாலியல் வன்முறை மிரட்டலாக. பிடிபட்டது குஜராத் முந்த்ராவைச் சேர்ந்த 16 வயது மாணவன்.

படிப்பு போதாததால் வந்த வினை என்பவர்கள் அடுத்த ஆண்டுக்கு வரவும். பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றதும் பந்துவீச்சாளர் முகமது ஷமியை மதத்தைச் சொல்லி ஏசினார்கள். அது கேவலம் என்றார் அணித் தலைவர் கோலி. மிரட்டல் வந்தது, அவருடைய பத்து மாதம்கூட நிரம்பாத பெண்குழந்தைக்கு! கைதானவர் ஐஐடியில் படித்த மென்பொருள் பொறியாளர். வழக்கு 2023-இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது.

ஆண்பிள்ளை பெற்றவர்கள் மட்டும் கருத்துச் சொல்லலாம் போலிருக்கிறது.

இலங்கைப் பந்துவீச்சாளர் முரளிதரனாக '800' படத்தில் விஜய் சேதுபதி நடிக்கலாமா என்ற சண்டையும் அதே 2020 அக்டோபரில்தான். அதில் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. ராஜபக்ச குடும்பத்தோடு முரளிதரனின் நெருக்கத்தை எப்படிப் பார்ப்பது? தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழரான அவரை அளக்க ஈழ அரசியலின் அளவுகோல் சரிப்படுமா? 19-ஆம் தேதி சேதுபதி விலகினார். ஜெயித்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் இல்லையா? விலகிய பிறகும் அவர் மகளுக்கு வந்தது அதே மிரட்டல். படத்தை நியாயமாக எதிர்த்தவர்களும் தாங்கள் அந்தக் கூட்டம் இல்லை என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. எதிராளியோடு சொந்தக் கட்சியையும் ஒரே ட்வீட்டில் கவிழ்த்த வீரம் அது. மலையகம் பற்றிய கேள்வி? அதைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று.

மிரட்டிய ஆசாமி பிறகு காணொளியில் மன்னிப்புக் கேட்டார். கொரோனாவில் வேலை போன கோபமாம். வேலை போனால் முதலாளியைத்தானே திட்ட வேண்டும்? முதலாளி திருப்பி அடிப்பார், பள்ளிக்கூடம் போகிற பெண் அடிக்கமாட்டாள். கோபத்தில் தலைகால் புரியாத இந்த வீரர்களுக்கு அந்தக் கணக்கு மட்டும் ஒருநாளும் தப்புவதில்லை.