வாலை முதல்ல வாங்கப்போற மருமகனுக்கு

வா மருமகன், இரி. பிளேன்டி ஊத்தச் சொல்லட்டா? சீனி இல்லாமத்தான், ஒன்ட வருத்தம் எனக்குத் தெரியும். ஒன்ட உம்மா நேத்து அஸருக்குப் பொறகு வந்து மூக்கைச் சிந்திச் சிந்திச் சொல்லிட்டுப் போறா: "காக்கா, இவன் பென்ஷன் காசுல பிளேன் கட்டப் போறானாம். பொட்டி பொட்டியா வெளிநாட்டுல இருந்து சாமான் வருமாம். நீங்கதான் கூப்பிட்டுப் புத்தி சொல்லணும்." கூப்பிட்டாச்சி. புத்தி வாறத்துக்குக் கொஞ்சம் சுணங்கும், இரி.

கல்முனையில பென்ஷன் எடுத்தவன் என்னென்ன செய்வான் எண்டு எனக்குப் பாடம். முதல்ல உம்றா போய் வருவான். மறுகா பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு நிப்பான். தோத்தா வெண்டவனுக்கு எதிரா பெட்டிசன் எழுதுவான். வெண்டா தோத்தவன் இவனுக்கு எழுதுவான். மிச்ச நேரம் பக்கத்து வளவுக்காரனோட வேலி வழக்கு. இது ஒண்டும் வேணாம், நான் பிளேன் கட்டப் போறன் எண்டு நீ சொன்னதாக் கேட்டவொடன, ஊருக்கு ஒரு பெட்டிசன் கொறஞ்சிச்சி எண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னன். ஒன்ட உம்மாட்ட இதைச் சொல்லிராத.

பைத்தியம் எண்டு ஆராச்சும் சொன்னா, ரே விஜேவர்தன ஆரெண்டு திருப்பிக் கேளு. கொழும்புப் பெரிய வீட்டுப் புள்ள, 1924ல பொறந்தவரு, கேம்பிரிட்ஜ்ல இன்ஜினியரிங் படிச்சவரு. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்குல பாய்ப்படகு ஓட்டினவரு. 1950களில அவரு கீறின ரெண்டு சில்லு உழவு மெஷினைத்தான் இங்கிலாந்துக் கம்பெனி 'லேண்ட்மாஸ்டர்' எண்டு வித்திச்சி. நம்மட வட்டைக்குள்ள இண்டைக்கும் சீனாக்காரன்ட மெஷின் வந்தாலும் யப்பான்காரன்ட வந்தாலும் அது லேண்ட்மாஸ்டர்தான். அந்த மனிசன் மறுகா சின்னச் சின்னப் பிளேன்களைத் தானே கீறி, தானே கட்டி, தானே ஏறிப் பறந்தாரு. வயசு போயும் விடல்ல. மொறட்டுவப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தரா இருந்தவரு, ஆனா கேட்டா நான் ஒரு கமக்காரன், ஒரு மெக்கானிக் எண்டுதான் சொல்லுவாரு. 2010ல காலமானாரு.

அவருட்ட எனக்குப் புடிச்சது பிளேன் இல்ல. தான் கட்டின மெஷினையே தான் சந்தேகப்பட்டாரு பாரு, அதுதான். எருமை உழும், கண்டு போடும், பால் தரும், சாணி தரும். மெஷின் என்னத்தைப் போடும், கடனைத்தான் போடும் எண்டு டிராக்டர் செஞ்ச மனிசனே எருமைக்குச் சாட்சி சொல்லிட்டுத் திரிஞ்சாரு. களவெட்டியில எருமை கட்டிச் சூடு மிதிச்ச எங்களுக்கு அதைத் தெரிஞ்சிக்க கேம்பிரிட்ஜ் போகத் தேவையில்ல. ஆனா போனவரு வந்து சொன்னாத்தான் ஊர் காது குடுக்கும், அது வேற கதை. ஒன்ட பிளேனும் கண்டு போடாது மருமகன். பேரப்புள்ளைக்கு ஆதனம் சேக்கிறன் எண்டு மட்டும் ஆருட்டயும் சொல்லாத.

இப்ப விக்கிறவன்ட தந்திரத்தைக் கேளு. அமெரிக்காவுல வேன்ஸ் எண்டொரு கம்பெனி, 1973ல தொடங்கினது. அவங்கட 'கிட்'டை, அதான் பூட்டிக் கட்டுற சாமான் பொட்டியை, வாங்கி ஆக்கள் கட்டிப் பறந்த பிளேன் மட்டும் 11,000க்கு மேல. அவங்க முழுப் பிளேனையும் ஒரேயடியா ஒன்ட தலையில கட்ட மாட்டாங்க. முதல்ல வாலைத்தான் விப்பாங்க. வால் மலிவு, வால் சின்னது, கொஞ்ச மாசத்தில ஒப்பேறிரும். மனிசனுக்குத் தலை கிறுகிரும். மறுகா செட்டை, மறுகா ஒடம்பு, கடைசியில எஞ்சின். எஞ்சின்ட விலையைக் கேக்குற நேரம் நீ திரும்பேலாத தூரத்துக்கு வந்திருப்பாய். ஒலகத்தில எத்தனையோ கராஜுல வால் மட்டும் தூசி புடிச்சிக் கெடக்கு.

தகடு அடிக்கிற மாதிரிப் பிளேனுக்கு 2,000 மணித்தியாலம் எண்டு கணக்கு வெச்சிக்க. நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டா 1,000 நாள். வெள்ளிக்கிழமையைக் கழி, கலியாணத்தையும் மௌத்தையும் கழி, நோன்பு மாசத்தைக் கழி, கரண்டு போற நாளைக் கழி. நாலு வருஷம். இங்கிலாந்தில இரிக்கிற ஆலப்புழைக்காரர் அசோக் தாமராட்சன், கொரோனா நேரம் தென்னாப்பிரிக்கா ஸ்லிங் கம்பெனிட 'கிட்'டை எடுத்து நாலு சீட் பிளேன் கட்டி, மகள்ட பேரையும் வெச்சி 2022ல பறந்தாரு. ஒன்ட காதுல ஆரோ இந்தக் கதையைத்தான் ஊதியிருக்கான். செலவு 140,000 ஸ்டேர்லிங் பவுண் எண்டு பேப்பர்ல வந்ததை ஊதினவன் சொல்லியிருக்க மாட்டான். ரூபாயாக்கிப் பாக்காத, பிரஷர் ஏறும்.

செட்டையில தகடு பூட்டுறது ரிவெட்டால. ஆயிரக்கணக்கில அடிக்கணும். ஒரு ஆள் வெளிய நிண்டு காத்து மெஷினால அடிக்க, மற்ற ஆள் உள்ளுக்குள்ள கையை விட்டு இரும்புக் கட்டியால முட்டுக் குடுக்கணும். வெள்ளைக்காரன்ட ஊர்ல அந்த மற்ற ஆள் கனபேருக்குப் பொஞ்சாதிதான். நீ ஒன்ட மனிசிட்ட கேட்டியா? கேட்டிருக்க மாட்டாய். இத்தனை வருஷமா நீ தட்டத் தட்ட முட்டுக் குடுத்த மனிசிதான், எண்டாலும் கேளு.

தகடு வேணாம், துணி மூடின செட்டை போதும் எண்டு தப்பலாம் எண்டு பாக்காத. அந்தத் துணியை ஒட்டிப் போட்டு, சூடு காட்டித்தான் இறுக்கணும். வீட்டு இஸ்திரிப் பெட்டியாலதான் காட்டுறாங்க. அதுக்கும் அவள்ட்டத்தான் போகணும். 1903ல ரைட் காக்கா தம்பி ரெண்டு பேரும் பறந்த பிளேனுக்கு மூடினது பருத்தி மஸ்லின். முதல் பறப்பு 12 செக்கன், 120 அடி, அவ்வளவுதான். துணிக்கு நமக்குப் பஞ்சமில்ல, மருதமுனையில தறி இரிக்கி. என்ன, சொல்லாம விட்டா ஓரத்தில கரை வெச்சித் தந்திருவாங்க.

அமெரிக்கச் சட்டத்தில இன்னொண்டு இரிக்கி. சொந்தமாக் கட்டின பிளேன் எண்டு பேர் வாங்கணுமெண்டா வேலையில பாதிக்கு மேல கட்டுறவன்ட கையால நடந்திருக்கணும், அதுவும் தன்ட படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும். நம்மட ஊர்ல "நான் வீடு கட்டினன்" எண்டு சொல்றவன் ஆரு? மாமரத்தடியில கதிரை போட்டு இருந்து பாஸ்மாரை ஏசினவன். ஒனக்கு அந்தக் கதிரை சரிவராது. பறக்கிறது நீ, பாஸ் இல்ல.

கடதாசி வேலை தனி. நம்மட நாட்டில சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைட்ட போகாம எதையும் வானத்தில ஏத்தேலாது. அவங்க என்னென்ன கேப்பாங்க எண்டு வாலுக்குக் காசு கட்ட முதலே போய்க் கேளு. மும்பையில அமோல் யாதவ் எண்ட பைலட், குடியிருந்த கட்டடத்து மொட்டை மாடியில ஆறு சீட் பிளேன் கட்டினாரு. 2016ல அதைக் கண்காட்சிக்குக் கொண்டு போய் நாடே பாத்திச்சி. பதிவு கைக்கு வந்தது 2017 கடைசியில. நீ கந்தோர்ல இருந்து மத்தவங்கட பைலை மேசைக்கு மேசை உருட்டினவன்தானே, இனி அந்த ருசியை மேசைக்கு இந்தப் பக்கம் நிண்டு பாரு.

மொட்டை மாடி எண்டதும் கண் மினுங்குது. வேணாம் மருமகன். கடலுக்கும் வயலுக்கும் நடுவுல கெடக்கிற இந்தத் துண்டுக்குள்ள மனிசனுக்கே எடமில்ல, ஒன்ட ஒழுங்கைக்குள்ள ஆட்டோ திருப்பேலாது. சின்ன ரெண்டு சீட் பிளேன்ட செட்டை முனைக்கு முனை 27 அடி வரும். ஒலுவில்ல 2013ல துறைமுகம் தெறந்தாங்க, வாசல்ல மண் வந்து குந்திச்சி. கப்பல் வராத துறைமுகம் ஒண்டு நமக்குப் போதும், வெளிய எடுக்கேலாத பிளேனும் வேணாம்.

உப்புக்காத்தையும் யோசி. அலுமினியத்தோட இரும்பு ஆணி சேந்து உப்பு ஈரம் பட்டா அரிச்சிப் போறது அலுமினியம்தான். பூட்ட முதல் துண்டு துண்டா பிரைமர் அடி, பூட்டினா உள்பக்கம் பாக்கேலாது. கச்சான் அடிக்கிற மாசத்தில காலையில மலைப்பக்கக் காத்து, மத்தியானத்துக்குப் பொறகு கடல்காத்து. ரெண்டும் முட்டுற நேரம் கடற்கரையில ஒரு கடதாசிப் பட்டமே நிண்டு புடிக்காது.

எல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காத. ஜோன் டென்வர் எண்டு அமெரிக்காவுல பேர் போன பாட்டுக்காரன். 1997 அக்டோபர் 12ல கலிபோர்னியாக் கடலுக்குள்ள விழுந்து மௌத்தானான். பிளேன் லோங் ஈஸி, ஆரோ வீட்டில கட்டினது, இவன் புதுசா வாங்கியிருந்தான். எண்ணெய்த் தாங்கியை மாத்துற திருகைக் கீறினவன் பைலட்ட காலுக்கு நடுவுலதான் வெச்சிருந்தான். கட்டினவனுக்கு வேற யோசனை வந்திச்சி. எண்ணெய்க் குழாய் ஆள் இருக்கிற இடத்துக்குள்ள வரக்கூடா எண்டு, திருகை இடது தோளுக்குப் பின்னால கொண்டு போய் வெச்சிட்டான். நல்ல எண்ணம்தான். எண்ணெய் கொறஞ்ச நேரம் டென்வர் பின்னால திரும்பி எட்டிப் புடிக்கப் போக, கால் தெரியாம சுக்கானை மிதிச்சிருக்கணும் எண்டு விசாரிச்சவங்க சொன்னாங்க. வாய்க்கால் கதவை எட்டாத இடத்தில வெச்ச வட்டவிதானையை நீ பாத்திருக்கியா? கந்தோர்ல மேல இருந்து வந்த பிளானையெல்லாம் திருத்தின கை ஒன்ட கை. இதுல திருத்தாத. கீறினவன் சொன்ன இடத்தில சொன்ன சாமானை வை. ஒன்ட மூளையை மிச்சம் புடிச்சி, பெயின்ட் அடிக்கிற நேரம் செலவழி.

கட்டி முடிச்சதும் ஏறிடாத. முதல்ல ஓட்டப் பழகணும், சீனி பாக்கிற டொக்டர் ஓம் எண்டு சொல்லணும். அமெரிக்காவுல புதுசாக் கட்டின பிளேனை 25 மணித்தியாலம், கூடினா 40, வேற ஆள் ஏத்தாம ஒரு எல்லைக்குள்ள பறந்து சோதிக்கச் சொல்லுவாங்க. எனக்கு மிச்சம் புடிச்ச சட்டம் அது. இங்க என்ன கணக்குச் சொன்னாலும் நீ 40ஐயே புடி. ஒன்ட மச்சான்மார் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கெண்டு வரிசையில நிப்பாங்க, சட்டத்தைக் காட்டு. 41வது மணித்தியாலத்துக்கு நான் வாறன். கதிர் முத்துற நேரமாப் பாத்து வட்டைக்கு மேலால பதிஞ்சி ரெண்டு சுத்துச் சுத்து. கிளி கலைஞ்சா முல்லைக்காரனுக்கு நான் குடுக்கிற காவல் கூலி மிச்சம்.

ஒழுங்கைக்குள்ள எடமில்லாட்டி எங்க கட்டுறது எண்டு பாக்கிறியா? சம்மாந்துறைப் பக்கம் என்ட பழைய நெல்லு ஆலை சும்மாதானே கெடக்கு. லொறி போற கதவு, மூணு பேஸ் கரண்டு, கடல்ல இருந்து நல்லா உள்ளுக்கு. வௌவால் கொஞ்சம் இரிக்கி, அதுகளும் பறக்கிற சாதிதான், ஒத்துப் போவாய். வாடகையா? மருமகன்ட்ட என்னத்தை வாங்குறது. ஊர் விலைக்கு ஒரு நூறு ரூபா கொறைச்சிப் போடு. நாலு வருஷத்துக்கும் முற்பணமாத் தந்திரு, வால் வாங்க முதல். ஒன்ட உம்மா கேட்டா, மாமா நல்லாப் புத்தி சொன்னாரு எண்டு சொல்லு.