அப்புச்சி போட்ட அரை ஷிப்ட்டுக் கணக்கு

உங்க ரண்டு பேரையும் நெனச்சா எனக்கு ஏகப் பெருமை அம்முணி. காங்கயத்துக்கு அந்தப் பக்கம் நம்மூர்ல போயி, "என்ற பேத்தியும் மாப்ளையும் திருப்பூர்ல ஒன்னரை ஷிப்ட்டு ஓட்டறாங்க, புள்ளைங்க ரண்டும் இங்கிலீசுப் பள்ளிக்கூடம், வாசல்ல வண்டி நிக்குது, உள்ள பிரிட்ஜு நிக்குது, ஆளுக்கொரு செல்லு"ன்னு அளந்துட்டு வர்றேன். கேக்கறவன் வாயைத் தொறந்துட்டு நிக்கறான். காசும் நேரமும் மட்டும் அந்த வூட்டுல இல்லைங்கறத நான் ஊருக்குள்ள சொல்றதில்ல. நம்ம வூட்டுப் பேரை நாமளே கெடுத்துக்கலாமா?

வெடியால எந்திரிச்சதுலிருந்து நீங்க ஓடறதப் பாக்கறதே எனக்கு ஒரு பொழுதுபோக்கு. எட்டரைக்குக் கம்பெனிக் கேட்டுல இருக்கோணும். எட்டுக்கு வேன்காரன் ஹாரன் அடிச்சுப்போடுவான். அதுக்குள்ள குக்கரு, டிபன் பாக்ஸு, ஒத்தைக் கால் சாக்ஸு. இன்னொரு சாக்ஸு எங்கேன்னு தேடறது மட்டும் தெனமும் நடக்குது. அந்த ரண்டையும் ரவைக்கே முடிச்சுப் போட்டு வெச்சா என்னன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நமக்கெதுக்கு வம்பு, படிச்ச புள்ளைங்க.

பெரியவனை ஒன்னாப்பு சேத்தப் போனப்போ புருசனும் பொண்டாட்டியும் ஒரு வாரம் இங்கிலீசு மனப்பாடம் பண்ணினீங்களே, ஞாபகம் இருக்குதா? "மை ஹஸ்பெண்ட் இஸ் எ சூப்பர்வைசர்"னு நீ சாம்பாருக்குத் தாளிச்சுக்கிட்டே சொல்லுவே. ஒன்னாப்பு சேக்கறதுக்குப் புள்ளைக்கும் பரீச்சை வெக்கப்படாது, பெத்தவங்களுக்கும் வெக்கப்படாதுன்னு 2009-லயே சட்டம் போட்டாச்சு. டீக்கடைப் பேப்பர்ல படிச்சிருக்கேன். அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஆனா நீங்க ரண்டு பேரும் அவ்வளவு ஆசையாப் படிச்சுட்டு இருந்தீங்க. புள்ளை பாஸாகறானோ இல்லியோ, நீங்க பாஸாயிட்டீங்க.

நம்ம லைன் வூட்டுக்குப் பக்கத்துலயே கவர்மெண்டுப் பள்ளிக்கூடம் இருக்குது. நடந்தா அஞ்சு நிமிசம் ஆகாது. அங்க சேத்தாம விட்டீங்களே, அங்கதான் உங்க புத்தி தெரியுது. சேத்தியிருந்தா என்ன கதி? காலைப் பலகாரத்தை அவியளே போட்டிருப்பாங்க. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்சது அந்தத் திட்டம். இப்ப ஒன்னாப்புலிருந்து அஞ்சாப்பு வரைக்கும் உப்புமா, கிச்சடி, பொங்கல்னு முறை வெச்சுப் போடறாங்க. மத்தியானம் சோறும் முட்டையும். பொஸ்தகம், நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் சும்மாவே வந்திருக்கும். அப்பறம் நீங்க எதுக்குத்தான் சம்பாரிக்கறது? ஒன்னரை ஷிப்ட்டுக் காசை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றது? இங்கிலீசு வேணும்னு சொல்லித் தப்பிக்கலாம்னா 2012-லிருந்து அங்கயும் இங்கிலீசு மீடியம் தொறந்துட்டாங்க. இதை வெளிய சொல்லிப் போடாத கண்ணு, வேன்காரன் பொழப்புக் கெட்டுரும்.

நான் இதைச் சொன்ன அன்னைக்கு நீ கரண்டியைக் கீழ வெச்சுட்டுத் திரும்பினே. "சும்மா இருங்க அப்புச்சி. அஞ்சு வகுப்புக்கும் ரண்டு டீச்சரு. ஒருத்தர் மீட்டிங்குக்குப் போயிட்டா மிச்சத்த யாரு பாக்கறது?"ன்னே. நாயந்தான். அதைக் கேக்கறதுக்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒன்னு வெச்சிருக்கறாங்க. அதுல முக்காவாசிப் பேரு பெத்தவங்களா இருக்கோணும், பாதிக்குக் கொறையாம பொம்பளைங்க இருக்கோணும்னு அதே 2009 சட்டத்துல இருக்குது. போயி உக்காந்து கேளேன்னேன். "கூட்டம் பொழுதோட வெப்பாங்க. நான் அந்நேரம் ஓவர்லாக்குல உக்காந்திருப்பேன். எந்திரிச்சு வந்தா அரை நாள் போச்சு"ன்னே. அதுவும் நாயந்தான். சரி, காசு கட்டற பள்ளிக்கூடத்துல போயி ஏதாவது கேட்டியா? அங்கயும் கேக்கறதில்ல. சும்மா கேக்காம இருக்கறதுக்கு ஒரு பள்ளிக்கூடம், காசு கட்டிக் கேக்காம இருக்கறதுக்கு ஒரு பள்ளிக்கூடம். காசு கட்டறதுதான் கௌரவம்.

போன வாரம் நடந்த கூத்தைச் சொல்லியே ஆகோணும். ரவைக்கு ஒம்பது மணி. நீ அப்பத்தான் வந்து செருப்பைக் கழட்டறே. செல்லு டிங்குங்குது. நாளைக்குச் சின்னவ வகுப்புல மஞ்சள் நாளாம். மஞ்சச் சட்டை போடோணும், மஞ்சப் பழம் கொண்டாரோணும், மஞ்சளா ஒரு சாமானும் வேணும். மாரியாத்தா நோம்பிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறாங்களாக்கும்னு நான் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டேன். நீ அப்படியே கதவுல சாஞ்சு நின்னே. "இன்னைக்குக் கம்பெனில என்ன ஆர்டர் ஓடுச்சு?"ன்னு சும்மாதான் கேட்டேன். "மஞ்சக் கலர் பேபி டி-சர்ட் அப்புச்சி. இந்த வாரம் பூரா அதேதான்"ன்னே. அப்பத்தான் பாத்தேன். உன்ற நகக்கண்ணுல மஞ்சப் பஞ்சு. மூக்குத்தியில ஒரு துளி மஞ்சப் பஞ்சு. கடல் தாண்டி இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் நெஞ்சுல வாத்துப் படம் போட்ட மஞ்சச் சட்டைக்குத் தோள் அடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கறே. நம்ம வூட்டுப் புள்ளைக்குப் போட ஒரு மஞ்சச் சட்டை இல்ல.

மாப்ளை வண்டியை முறுக்கிட்டுக் காதர்பேட்டைக்குப் போனாரு. கடையெல்லாம் ஷட்டரை இழுக்கற நேரம். எப்படியோ கழிச்சுக் கட்டின செகண்ட்ஸ் பீஸு ஒன்னைப் புடிச்சுக்கிட்டு வந்துட்டாரு. மஞ்சச் சட்டை, அதே வாத்து. வாத்துக்கு ஒத்தைக் கண்ணு அச்சாகலை. நீ அதை உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது நான் அடிச்சதில்ல. நான் இப்படிப் பிசிறு விட மாட்டேன்"ன்னு சொன்னே பாரு, பசியெல்லாம் மறந்து போச்சு உனக்கு. பழத்துக்கு என்ன பண்ணினோம்? சாமி படத்துக்கு முன்னால இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குடுத்துட்டோம். அடுத்த மாசம் ஊதா நாளாம். இப்பவே கம்பெனில விசாரிச்சு வெய்யி, ஊதா ஆர்டர் எப்ப வருதுன்னு.

அந்தத் தெர்மாகோல் வூட்டுக் கதையும் அதே சோட்டுத்தான். மூணாப்புப் பையன் செஞ்சு கொண்டாரோணும்னாங்க. பையன் தூங்கிப் போயிட்டான். மாப்ளை சாமம் வரைக்கும் முட்டி போட்டுப் பசை தடவினாரு. ஓடு, சன்னலு, வாசல்ல பச்சை ரம்பத்தூள்ல புல்லுத் தரை. எப்பவோ பத்தாவதோட நின்ன மாப்ளைக்கு மூணாப்புல ஏ கிரேடு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். காலண்டர்ல நேத்தைய தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் எழுதினேன். ஒரு ஷிப்ட்டுன்னா அஞ்சரைக்கு முடிஞ்சுது. அஞ்சரைக்கு மேல எட்டரை வரைக்கும் உக்காந்தா அரை ஷிப்ட்டு. அந்த மூணு மணி நேரத்துக்குக் கம்பெனி உனக்கு என்ன குடுக்குதுன்னு மேல எழுதினேன். நீ வூட்டுல இல்லாத அந்த மூணு மணி நேரத்துக்கு நீ என்ன குடுக்கறேன்னு கீழ எழுதினேன். பையனுக்கு டியூசன். கூட்டிட்டு வர ஆளில்லைன்னு டியூசனுக்குத் தனி ஆட்டோ. அவன் பசிக்குது பசிக்குதுன்னா வாங்கித் தர்ற பப்ஸு. சின்னவ அழுகாம இருக்கறதுக்குச் செல்லுல நெட்டு. இடுப்பு ஒடிஞ்சு வந்து ஆக்க முடியாத அன்னைக்குப் புரோட்டாப் பொட்டணம். முதுகு வலிக்குத் தைலம். மேல இருந்ததுல கீழ இருந்ததைக் கழிச்சேன். மிச்சம் எனக்கு வெத்தலைக்குக்கூடக் காணாது. செக்குமாடாச்சும் சுத்துன சுத்துக்கு எண்ணெய் எடுத்துக் குடுக்குது.

அந்தத் தாளைக் காட்டினதுக்கு நீ கோவப்படலை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. "அரை ஷிப்ட்டுக்கு நிக்கலைன்னா கான்ட்ராக்டர் முழு ஷிப்ட்டுக்கும் வேண்டாங்கறான் அப்புச்சி. சீசன்ல ஓட்டுனாத்தான் ஆர்டர் இல்லாத மாசம் கஞ்சி"ன்னே. இந்த வரியை எங்க எழுதறதுன்னு தெரியாம தாளை மடிச்சு மடியில வெச்சுக்கிட்டேன். அப்பறம் ஒன்னு கேட்டே. "எங்கம்மாவை அஞ்சாப்போட நிறுத்தி ஆட்டுப் பின்னால அனுப்புனது யாருங் அப்புச்சி? அதுக்கு என்ன கணக்கு?" எனக்கு அப்பப்போ காது கொஞ்சம் மந்தம். டாக்டரே சொல்லியிருக்காரு.

ரேசன் அரிசி சங்கதி அதைவிட நல்லாருக்கும். இனாமா வர்ற அரிசி வாடை அடிக்குதுன்னு எதுத்தூட்டுக்காரிக்குக் குடுத்தர்றே. அவ அதை ஊறப் போட்டு ஆட்டி மாவா விக்கறா. அந்த மாவைக் காசு குடுத்து நீயே வாங்கிட்டு வந்து, "அந்தக்கா மாவுல இட்லி பூ மாதிரி வருது"ங்கறே. பூ மாதிரித்தான் வரும், நம்ம வூட்டு அரிசியாச்சே. 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் வாங்கறதுக்கு மட்டும் கடையில வரிசை நிக்க நான் வேணும்.

நான் எதுக்கெல்லாம் வேணும்னு ஒருக்கா யோசிச்சுப் பாத்தேன். சின்னவ கைப்புள்ளையா இருந்தப்ப என்னை ஏன் ஊர்லிருந்து கூட்டியாந்தீங்க? அப்புச்சி மேல பாசம்னு நெனச்சேன். 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற எடத்துல புள்ளைங்களைப் பாத்துக்க ஒரு எடம் ஒதுக்கோணும், தாயி நாளைக்கு நாலு தடவை போயிப் பாத்துட்டு வரலாம்னு 2017-ல சட்டத்தைத் திருத்தினாங்களாம். உன்ற பவர் டேபிள் யூனிட்டுல மிசினு ரண்டு டஜன். 50-க்கு எங்க போறது? அதனால அரசாங்கம் செய்ய வேண்டியதும் இல்லாம, கம்பெனி செய்ய வேண்டியதும் இல்லாம, கோவணம் கட்டின ஒரு கிழட்டுக் காப்பகம் வூட்டோட வந்து சேந்துருச்சு. சம்பளம் கெடையாது, வார லீவு கெடையாது, போனஸு தீவாளிக்கு ஒரு வேட்டி.

மாப்ளைக்கு நான் புத்தி சொல்லப்படாது, முறை இல்ல. அதனால இந்தச் சுவத்தைப் பாத்துச் சொல்றேன். ஏஞ் சுவரே, நீயும் எட்டரை வரைக்கும் நிக்கறே, அவளும் எட்டரை வரைக்கும் நிக்கறா. வூட்டுக்கு வந்ததும் நீ செல்லை எடுத்துக்கறே, அவ சட்டுவத்தை எடுத்துக்கறா. இது எந்தக் கம்பெனி ரூல்ஸு? தெர்மாகோல்ல ஓடு வேயத் தெரிஞ்ச கைக்கு நாலு தட்டத்தைக் கழுவத் தெரியாதா? குழுக் கடன்காரங்க செவ்வாக்கெழமை வர்றப்போ மட்டும் உனக்கு எப்படித்தான் அவசர வேலை வருதோ, அவளும் நானும்தான் உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு இருக்கறோம். நான் ஒன்னும் சொல்லலை சுவரே. சுண்ணாம்பு உதிருது, அவ்வளவுதான்.

சித்திரைக்குப் புள்ளைங்களுக்கு லீவு விடறாங்க. சம்மர் கேம்ப்புக்குப் பணம் கட்டோணும்னு நோட்டீசு ஒன்னு காட்டினே. கண்ணாடி போட்டுப் படிச்சேன். பாட்டு, டான்ஸு, அப்பறம் "கிராமத்து அனுபவம்". மாட்டைத் தொட்டுப் பாக்கலாம், தீவனம் வெக்கலாம், கட்டில்ல உக்காந்து கூழு குடிக்கலாம். சோளத்தட்டைக்குத் தனிக் காசாம். கண்ணு, நான் ரொம்ப நேரம் சிரிக்கலை. இருமல்தான் வந்துச்சு.

அந்த மாசந்தான் கண்ணபுரத்துல மாட்டுச் சந்தை. மாரியாத்தா நோம்பியை ஒட்டிக் காங்கயம் காளைங்க அங்க வந்து நிக்கறதப் பாக்கோணும். நான் போறேன். பெரியவனையும் சின்னவளையும் கூட்டிட்டுப் போறேன், கேம்ப்புக்கு என்ன கேக்கறாங்களோ அதுல பாதி என்கிட்டக் குடுத்தாப் போதும். மாட்டைத் தொடறது இனாம். முட்டினா அதுவும் இனாம். திரும்பி வர்றப்போ இங்கிலீசுல என்ன வரும்னு தெரியாது, பல்லைப் புடிச்சு மாட்டு வயசு சொல்லுவானுங்க.

நாங்க வர்ற வரைக்கும் ரண்டு பேரும் அஞ்சரைக்கே வூட்டுக்கு வந்து பாருங்க, கான்ட்ராக்டர் வுட்டா. டியூசன் இல்ல, வேன் இல்ல, பப்ஸு இல்ல. மூணு மணி நேரம் என்ன பண்றதுன்னு தெரியாம நீங்க முழிக்கறத நான் பாக்க முடியாம போகுதேன்னுதான் வருத்தம்.

டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் இல்லாம பண்ணியிருக்கறாங்க, 2021-லிருந்து. சின்னவ மடியிலயே வந்துருவா. பெரியவனுக்கு அரை டிக்கெட், எனக்கு முழு டிக்கெட். சனிக்கெழமைச் சம்பளத்துல எடுத்து வெச்சுரு அம்முணி. மாப்ளைகிட்டக் கேக்காத. நான் சுவத்துகிட்டச் சொல்லிக்கறேன்.