நாளைக்குப் பார்த்துக்கலாம், பாதுஷா!

முகம்மது ஷா 1719-ல் டெல்லி சிம்மாசனத்தில் ஏறியபோது அவருக்கு வயது 17. அந்த ஒரே வருஷத்தில் அந்தச் சிம்மாசனத்தில் ஏறிய மூன்றாவது ஆள் அவர். பாதுஷாவை உட்கார வைப்பதும் இறக்கிவிடுவதும் சையது சகோதரர்கள் என்ற அண்ணன் தம்பி இருவரின் முழுநேரத் தொழிலாக இருந்தது. அப்படிப்பட்ட உத்தியோகத்தில் பையன் கற்றுக்கொண்ட முதல் பாடம்: எதையாவது செய்கிறவன் தலை இன்றைக்குப் போகும், சும்மா இருக்கிறவன் தலை கொஞ்ச நாள் கழித்துப் போகும். சகோதரர்களின் ஆட்டம் அடுத்த வருஷமே முடிந்துவிட்டது. படித்த பாடம்தான் மறக்கவில்லை.

அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொன்னால் பாவம். பாட்டா, உடனே. ஓவியமா, உடனே. கயால் இசையை வளர்த்த சதாரங் அவருடைய சபை வித்வான். இன்றைக்கும் இந்துஸ்தானிக் கச்சேரிகளில் சதாரங்கின் பாட்டுக்குள் முகம்மது ஷாவின் பெயர் வந்துபோகும். 'ரங்கீலா' என்று ஊரே செல்லப்பெயர் வைத்தது. கஜானாக் கணக்கு, எல்லைக் காவல், சிப்பாய்ச் சம்பளம் போன்ற அலுப்பான சமாசாரங்களுக்குத்தான் நாளை என்று ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. காரியத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோருமே பயங்கர பிஸி. செய்ய வேண்டிய அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது அல்லவா!

1722-ல் நிஜாம் உல் முல்க் வஜீராக வந்தார். ஔரங்கசீப் காலத்துக் கறார் ஆசாமி. நிர்வாகத்தைச் சீர் செய்யணும், லஞ்சத்தை நிறுத்தணும் என்று பட்டியல் நீட்டினார். சபை இளவட்டங்கள் அவரைப் பழைய காலத்து மனுஷர் என்று கேலி பண்ணினார்கள். பாதுஷா பட்டியலை மறுக்கவும் இல்லை, நிறைவேற்றவும் இல்லை. காத்திருந்து கண் பூத்த நிஜாம், 1724-ல் தக்காணத்தில் தனக்கென்று ஒரு ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டார். 1737-ல் பாஜிராவின் மராட்டியக் குதிரைப்படை டெல்லியின் வாசல்வரை வந்து கலக்கிவிட்டுத் திரும்பியது. 'அதான் போயிட்டாங்களே' என்று சபை அடுத்த பாட்டுக்குப் போனது.

அதே சமயம் மேற்கே நாதிர் ஷா. ஏழை வீட்டில் பிறந்து, வாளை மட்டும் நம்பி ஈரானின் ஷா ஆனவர். கந்தஹாரை முற்றுகையிட்டிருந்த அவர் டெல்லியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தப்பி ஓடும் ஆப்கானியர்கள் உங்கள் பக்கம் நுழையாமல் எல்லையை அடைத்து வையுங்கள். டெல்லி ஆகட்டும் என்றது. எல்லையில் ஒரு கதவும் அடைபடவில்லை. 1737-ல், 40 நாளில் பதிலோடு திரும்ப வேண்டும் என்ற உத்தரவோடு ஒரு தூதர் வந்தார். அவரை உட்கார வைத்துச் சோறு போட்டார்கள், பதில் போடவில்லை. திரும்பிப் போகவும் விடவில்லை. நாற்பது நாள் என்று கிளம்பிய மனுஷர் ஒரு வருஷத்துக்கு மேல் விருந்தாளி. பதில் எழுதினால் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே!

டெல்லிக்காகக் காபூலை ஆண்ட சுபேதார் நாசிர் கான் வேறு பணம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். சிப்பாய்களுக்குப் பல வருஷச் சம்பளப் பாக்கி, கொஞ்சமாவது அனுப்பினால்தான் ஆள் நிற்கும் என்று. சபையில் ஒரு கோஷ்டி இதை எதிர்க்கோஷ்டி கிளப்பும் பூச்சாண்டி என்றது. பணம் போகவில்லை. நாதிர் வந்தார்.

1738 ஜூனில் காபூல் விழுந்தது. நவம்பரில் கைபர் கணவாயில் நாசிர் கான் தன்னிடம் இருந்த சொற்பப் படையோடு வழிமறித்து நின்றார். நாதிர் வேறொரு மலைப்பாதையில் சுற்றிவந்து பின்னாலிருந்து அடித்தார். டிசம்பரில் டெல்லி எழுந்து உட்கார்ந்தது. பெரிய பிரபுக்கள் மூவர் படையோடு புறப்பட்டார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ஷாலிமார் தோட்டம்வரை வீறுநடை போட்டு, அங்கே கூடாரம் அடித்து ஏறக்குறைய ஒரு மாதம் தங்கினார்கள். ஜனவரியில் லாகூர் நாதிர் கையில்.

கடைசியில் டெல்லிக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில், கர்னாலில், படைகள் எதிரெதிரே நின்றன. 1739 பிப்ரவரி 24. முந்தைய இரவுதான் அவத் நவாப் சாதத் கான் நெடுந்தூரம் நடந்து களைத்த படையோடு வந்து சேர்ந்திருந்தார். பின்னால் வந்த அவருடைய மூட்டை முடிச்சுகளை நாதிரின் ஆட்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று சேதி. அவர் துள்ளி எழுந்தார். இன்றைக்கு வேண்டாம் என்று, தக்காணத்திலிருந்து திரும்பி வந்திருந்த நிஜாம் தடுத்துப் பார்த்தார். இருபது வருஷம் எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிய சபை, நியாயமாகத் தள்ளிப்போட்டிருக்க வேண்டிய அந்த ஒரே காரியத்தை அன்றைக்கென்று உடனே செய்தது. சில மணி நேரத்தில் சாதத் கான் கைதி. உதவிக்குப் போன இன்னொரு பெரிய பிரபு கான் தௌரான் படுகாயம் பட்டு, பிறகு செத்தே போனார்.

நிஜாம் சமரசம் பேசி 50 லட்ச ரூபாய்க்கு முடித்தார். அதுவும் தவணையில்: கையில் 20, லாகூரில் 10, அட்டக்கில் 10, காபூலில் 10. செத்துப்போன கான் தௌரானின் பதவி தனக்கு வரவில்லை என்ற எரிச்சலில் சாதத் கான் நாதிரின் காதில் ஓதினார்: "50 லட்சமா? டெல்லிக்கு வாருங்கள், 20 கோடி தேறும்."

மார்ச் 20-ல் நாதிர் டெல்லிக்குள் வந்தார். மறுநாள் இரவு, அவர் செத்துவிட்டார் என்ற வதந்தியை நம்பி ஊர்க்காரர்கள் ஈரானியச் சிப்பாய்களைத் தாக்கினார்கள். 22-ஆம் தேதி காலை நாதிர் சாந்தினி சௌக்கின் சுனேரி மசூதியில் உட்கார்ந்து கொலைக்கு உத்தரவிட்டார். அந்த மசூதியைக் கட்டியவர் ரோஷன் உத் தௌலா. காபூலுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கைவைத்ததாகப் பிற்பாடு பெயர் கெட்டவர். பிற்பகலில் வாள்கள் உறைக்குப் போனபோது இறந்தவர்கள் இருபதாயிரம், முப்பதாயிரம் என்கின்றன வரலாற்று நூல்கள். தானிய வியாபாரி, நெசவாளி, தெருவில் ஆடிய குழந்தை. இவர்களில் யாரும் எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்தவர்கள் அல்ல.

இழுத்தடித்தவருக்கு என்ன ஆயிற்று? கிரீடத்தை நாதிரே திரும்பத் தலையில் வைத்துவிட்டுப் போனார். மேலும் ஒன்பது வருஷம் ஆண்டு, 1748-ல் முகம்மது ஷா படுக்கையில் இறந்தார். வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்று மூன்று மீன்களின் கதை நமக்குத் தெரியும். குளத்தையே இறைத்துக்கொண்டு போன பிறகும் நீந்துவதாக நினைத்துக்கொண்டிருந்த நான்காவது மீன் இவர். நாதிரிடம் வேலை பார்த்த அகமது ஷா அப்தாலி, அதே பாதையில் நாதிருக்கு அப்புறம் பல முறை வந்துபோனார்.

1739 மே மாதம் நாதிர் கிளம்பியபோது மயில் சிம்மாசனம் போனது, கோகினூர் போனது, சிந்து நதிக்கு மேற்கே இருந்த நிலம் போனது. அந்தக் கொள்ளைப் பணத்தில் ஈரானில் மூன்று வருஷத்துக்கு வரி ரத்து. காபூல் சிப்பாய்கள் கெஞ்சிக் கேட்டும் திறக்காத கஜானாவிலிருந்து, படைவீரர்களின் சம்பளப் பாக்கி ஒருவழியாகப் பட்டுவாடா ஆனது, மேற்கொண்டு போனஸோடு. என்ன, வாங்கிக்கொண்டவர்கள் நாதிரின் படைவீரர்கள்.