அண்ணன் போட்ட பவுன் கணக்கு

கேள்வி: எனக்கு 1986-ல் கல்யாணம். பூர்வீக நஞ்சையில் பங்கு கேட்டால், "அப்பவே இருபது பவுன் போட்டாச்சே" என்கிறார் அண்ணன். எனக்கு உரிமை உண்டா?
– வாசகி, திருவையாறு

பதில்: காவிரியில் நம் பங்கைக் கர்நாடகம் தரவில்லை என்று மறியலுக்கு முதல் ஆளாகப் போயிருப்பாரே உங்கள் அண்ணன்!

உண்டம்மா. 1989-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம் மகளுக்குச் சம பங்கு தந்தபோது, அந்த மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 2005-ன் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும், சொத்து பிரியாமல் இருந்தால் மகளுக்குப் பங்குண்டு என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீர் கொடுத்தது பங்கில் கழியாது.

ஒரு சிக்கல்: 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ கிரயமோ இருந்தால் அதை அசைக்க முடியாது. முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அதுவரை, பொங்கலுக்கு அழைத்துக் கரும்போடு அண்ணன் ஏதாவது பத்திரத்தை நீட்டினால், கரும்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அது விடுதலைப் பத்திரமாக இருக்கும்.

வக்கீல் செலவா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.