கடைமடையின் நீலக்கோடுகள்

அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கில் வரைந்த பழைய சர்வே வரைபடம் அது. மூலையில் 58 என்/13 என்று எண். மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது; பின்னால் துணி ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கைகளையும் விரித்து வைத்தால் எங்கள் காரைக்கால் ஏறக்குறைய மறைந்துவிடும். சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா. நடுவே புள்ளியும் கோடுமாக எல்லை. உள்ளே பிரெஞ்சுக்காரன் ஊர், வெளியே இங்கிலீஷ்காரன் ஊர்.

திருநள்ளாறு பக்கம் எங்கள் வீடு. தாத்தாவின் மூன்று மா நிலம் கோட்டுக்கு அந்தாண்டை. அறுப்பு முடிந்து நெல்வண்டி வீடு வருவதற்குள் சுங்கக்காரர்கள் மறிப்பார்களாம். "நம்ம நெல்லை நம்ம வீட்டுக்குக் கொண்டார ஒருத்தனைக் கேக்கணுமா?" என்று அப்பாயி சாகும்வரை ஆறவில்லை.

வரைபடத்தின் நீல மை மட்டும் அந்தக் கோட்டை மதிக்கவே இல்லை. நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, அரசலாறு, திருமலைராஜனாறு எல்லாம் அதைத் தாண்டித்தான் கடலுக்குப் போகின்றன. ஆற்றிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து மயிரிழையாகக் கிளை வாய்க்கால், அப்புறம் குளம். எங்கள் தெரு வாய்க்காலும் இருக்கிறது. பெயர் போடவில்லை, ஆனாலும் வரைந்திருக்கிறான், புண்ணியவான். சின்ன வயதில் மதகடியிலிருந்து "தண்ணி வந்துட்டு!" என்று குரல் கேட்டால் போதும், பள்ளிக்கூடத்தை மறந்து ஓடுவோம். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக, புழுதி வாசத்தோடு ஊர்ந்து வரும். அப்பாயி ஒரு பூவைப் போட்டுக் கும்பிடுவாள்.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி போனது, சுங்கமும் போனது. எல்லை எங்கே என்று என் பேரனுக்குத் தெரியாது. 1898-இல் வந்த பேரளம் ரயில் இதில் கறுப்புக் கோடு. இடையில் நின்றுபோன அந்தத் தடத்துக்கும் மறுபடி தண்டவாளம் போட்டாகிவிட்டது. வாய்க்கால்தான் திரும்பவில்லை.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. அது எங்கள் காரைக்கால் வயல்களுக்கான தண்ணீர். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். வந்தால் இறங்க வழி வேண்டாமா? அப்பாயி பூ போட்ட இடத்தில் ஒரு சிமெண்டுக் குழாயின் வாய் தெரிகிறது. அதற்கு மேல் வீடுகள். பக்கத்துக் குளம் மனைக்கட்டாகிவிட்டது.

தூர்வாரும் பேச்சு எழும் ஒவ்வொரு கோடையிலும் இந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். "அங்க ஏதுங்க வாய்க்கால்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரில்லாத நீலக்கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறேன்.