வீட்டடிமைக் கட்டுரையைத் துப்புரவு செய்ய எளிய வழிகள்

இணையக் கலைக்களஞ்சியத்துக்குச் சம்பளம் வாங்காமல் உழைக்கும் தன்னார்வத் தொகுப்பாளரே, ‘நவீன வீட்டு அடிமைமுறை’ என்று யாரோ ஒரு புதுப்பயனர் கட்டுரை எழுதிப்போட்டிருக்கிறார். அதைச் சரிபார்ப்பது இப்போது உங்கள் வேலை. பதற வேண்டாம். திருவட்டாற்றில் உங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடியே ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். நீங்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வசதியாக உட்காருங்கள். அடுக்களையில் நிற்கிற பிள்ளையை ஒரு சாயா போடச் சொல்லுங்கள். மணி பதினொன்று ஆகிவிட்டதே என்று யோசிக்காதீர்கள். நீங்கள் படுக்காமல் அவள் படுக்கப்போவதில்லை.

2. முதலில் படத்தை மாற்றுங்கள். சங்கிலி, சாட்டை, அமெரிக்கப் பருத்திக்காடு: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் போதும். அடுக்களைத் தரையில் சுருட்டி வைத்த பாய், தனியாகக் கவிழ்த்து வைத்த தட்டு என்று எவராவது படம் ஏற்றினால் பதிப்புரிமைச் சிக்கல் என்று சொல்லித் தூக்குங்கள். உங்கள் வீட்டு அடுக்களை மாதிரியே இருந்தால் சிக்கல் என்னவென்றுகூடச் சொல்ல வேண்டாம்.

3. வரலாற்றை நீளமாக விடுங்கள். அதில் நாம் இல்லை. 1812இல் திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடுத்தார், நிலத்தோடு சேர்ந்த அடிமைகள் நீங்கலாக. அந்த ‘நீங்கலாக’வை மட்டும் கத்தரியுங்கள். 1855இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மொத்தமாகவே ஒழித்தார். திருவட்டாறு அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்தது. ஆகவே நம்மூர்க் கதை 1855இல் முடிந்தது என்று முற்றுப்புள்ளி வையுங்கள். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார், அந்தக் காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்களைத் தாங்களே விலைகொடுத்து மீட்டார்கள் என்று ஒரு பத்தி வரும். அதைக் ‘கைத்தொழில்’ கட்டுரைக்கு நகர்த்துங்கள். போகிற வழியில் லேஸ் மட்டும் மிஞ்சட்டும்.

4. வரையறையில் கண்ணாக இருங்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்கு உதாரணம் கேட்டால் செங்கல் சூளை, அரிசி ஆலை என்று எழுதுங்கள். அடுக்களையைச் சேர்க்காதீர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அவள் அப்பன் கையில் நீங்கள் கொடுத்தது முன்பணம் அல்ல, உதவி. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் (ஆசியாட்) வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான் என்று சொல்லித் தொலைத்தது. வீட்டுவேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று தமிழக அரசு 2018இல் அறிவித்துவிட்டது. இந்த இரண்டு தகவலும் ஒரே பத்தியில் வரவே கூடாது. வாசகர் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார்.

வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது என்பதைப் பெருமையோடு எழுதுங்கள். அதற்குச் சட்டப்படி இன்னும் ஏற்பு அளிக்கவில்லை என்கிற மிச்சத்துக்கு, 1812இல் பழகிய அதே கத்தரி.

5. மேற்கோள் கேளுங்கள். நம்மூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் கட்டுரையில், பெருமாள் கேசன் என்ற அசுரனை அடக்கிப் பள்ளிகொண்டார் என்று நீங்களே எழுதினீர்களே, அதற்கு யாராவது கேட்டார்களா? 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் நடந்த குடமுழுக்குக்கு வரிசையாகச் செய்தி இணைப்பு கொடுத்தீர்கள். வேலைக்கு நிற்கிற பிள்ளைக்குச் சூடு வைத்த செய்தி ஒரே பத்திரிகையில் ஒரு மூலையில்தான் வந்திருக்கும். இரண்டாவது ஆதாரம் கேளுங்கள். கொண்டுவந்தால் மூன்றாவது. அதையும் கொண்டுவந்தால், ‘குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது’ என்று பட்டை ஒட்டுங்கள். பட்டவளே வாய் திறந்து சொன்னால் அது சொந்த ஆய்வு. வீட்டுக்காரர் பேட்டி கொடுத்தால் அது நம்பத்தகுந்த மூலம்.

6. மெல்பர்ன் வழக்கு நம்மவர்களுக்கு ரொம்பச் சங்கடமானது, அதனால் நிதானம் தேவை. மவுண்ட் வேவர்லி என்ற புறநகரில் ஒரு தமிழ்த் தம்பதி, தமிழ்நாட்டிலிருந்து வந்த வயதான பெண்ணை 2007 முதல் 2015 வரை வீட்டில் வைத்திருந்தார்கள். சமைக்க, துடைக்க, பிள்ளைகளைப் பார்க்க. கூலி நாளுக்கு 3.39 டாலர் என்று கணக்கு வந்தது. 2015இல் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது அவர் எடை 40 கிலோ. மருத்துவமனையில் அவரைச் சேர்த்தது பொய்ப் பெயரில். 2021இல் நீதிமன்றம் அடிமை வைத்திருந்த குற்றத்துக்கு மனைவிக்கு 8 ஆண்டும் கணவனுக்கு 6 ஆண்டும் சிறை விதித்தது.

வெட்டிவிடலாம், ஆனால் வெட்டினால் யாராவது திரும்பப் போடுவார்கள். அதனால் கரைக்க வேண்டும். ‘தமிழ்த் தம்பதி’யை முதல் நாள் ‘இந்திய வம்சாவளித் தம்பதி’ ஆக்குங்கள். மறுநாள் ‘தெற்காசியத் தம்பதி’. அதற்கடுத்த நாள் ‘ஒரு தம்பதி’. ‘அடிமை’ என்பது ‘பணியாளர்’ ஆகட்டும். தீர்ப்பு வந்துவிட்டதுதான், இருந்தாலும் ‘கூறப்படுகிறது’ என்று முடியுங்கள். ஒரு வாரத்தில், ஆஸ்திரேலியாவில் ஒரு தம்பதி வீட்டில் ஒரு பணியாளர் உடல்நலம் குன்றியதாகக் கூறப்படும். இப்படிச் சொன்னால் யார் மனமும் புண்படாது.

7. நடுநிலை தவறாதீர்கள். ‘மறுதரப்பு’ என்று ஒரு தலைப்புப் போடுங்கள். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கோம், தீபாவளிக்குத் துணி எடுத்துக் குடுத்தோம், கல்யாணத்துக்கு நாங்க செய்வோம். எழுத எழுத வரும், உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் சொந்தப் பிள்ளை எந்தத் தரையில் படுக்கிறது என்று எவனாவது பேச்சுப் பக்கத்தில் கேட்டால், தனிநபர் தாக்குதல் என்று தடைசெய்யுங்கள்.

8. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டுவேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் குற்றம் என்ற வரியை நீக்கும்போது, ‘இது ஒரு சிறு தொகுப்பு’ என்ற பெட்டியில் மறக்காமல் குறியிடுங்கள்.

9. புதுப்பயனரை வரவேற்றுப் பத்து விதிப் பக்கங்களுக்கு இணைப்பு அனுப்புங்கள். படித்து முடிப்பதற்குள் போய்விடுவார்.

10. கடைசியாக ஒன்று. கட்டுரையின் அடியில் 1098 என்று ஓர் எண் இருக்கும். குழந்தைகளுக்கான உதவி எண். காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், அக்கம்பக்கத்துக்காரர் எவரும் கூப்பிடலாம். உடனே நீக்குங்கள். கலைக்களஞ்சியம் தொலைபேசி அடைவு அல்ல.