கிணற்றடிக்கு வந்த கம்பம்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்போது ஆயில் இன்ஜின்தான் ஓடியது. டீசலுக்காக அப்பா சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு மிதிப்பார். "கண்ணுக்குத் தெரியாததை நம்பி வெள்ளாமை வெக்கறதா?" என்று கரண்ட் மோட்டாரைத் தள்ளிவிட்டவர் அவர். பிறகு வரப்போரம் மின்கம்பம் நட்டார்கள். சொசைட்டியில் மோட்டாருக்குக் கடன் கிடைத்தது. 1990 வாக்கில் விவசாய மின்சாரமே இலவசமானது. மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தர டவுனில் ஆள் இருந்தார். இவ்வளவும் கூடிய பிறகே அப்பா இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டார்.

இப்போது அதே தோட்டத்து வீட்டிலிருந்து தம்பி மகள் மின்சார ஸ்கூட்டரில் புறப்படுகிறாள். கிராம சுகாதாரச் செவிலியர். தினம் நாலைந்து ஊர் சுற்ற வேண்டும். பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் விற்கும் பெட்ரோலுக்குக் கூடுதல் காசு அழ வேண்டாம். திண்ணையோரம் வண்டி, கைக்கெட்டும் தூரத்தில் பிளக். அடுக்குமாடிக்காரர்கள் ஏங்கும் வசதி இது. மின்சார வண்டிக்கு ஏற்ற இடம் கிராமம்தான் என்று அவளைப் பார்த்தே நம்பினேன்.

ஆனால் ராத்திரி ஷிப்டில் ஊரே மோட்டார் போட்டால் லோ வோல்டேஜ், சார்ஜ் ஏறாது. ஒருமுறை வண்டி நின்றுபோக, டெம்போவில் ஏற்றித் திருப்பூருக்கு அனுப்பினோம். ஒன்பது நாள் தடுப்பூசிப் பெட்டியோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். "வண்டி நல்ல வண்டிதானுங்க பெரியப்பா. பார்க்கத்தான் இங்க ஆள் இல்லை."

அரசுகள் சும்மா இருக்கவில்லை. 2019-இல் மின்சார வண்டிக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மாநிலம் சாலை வரியை நீக்கியது. 2021-இல் ஒரு கிலோவாட்-மணி பேட்டரிக்கு 15,000 ரூபாய் என்றிருந்த மத்திய மானியம் 2023 ஜூனில் 10,000 ஆகி, 2024 ஏப்ரலில் 5,000-க்கு வந்தது. எல்லாமே வண்டி வாங்கும் செலவைக் குறைக்கும் உதவிகள். எங்கள் ஊருக்கு அதற்கும் முன்னால் வேண்டியது கூடுதல் டிரான்ஸ்பார்மர், சொசைட்டியில் குறைந்த வட்டிக் கடன், பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர்க் கை. மானியம் குறைகிற காலத்தில் அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது இவற்றுக்குத் திருப்பலாம். கிணற்று மோட்டாருக்கு இதைச் செய்த அரசுதானே?

காயில் கட்டியவரின் மகன் இன்று அதே கடையில் பைக் மெக்கானிக். போன வாரம் அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இதை எங்கீங்க சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டான். பக்கத்து ஐடிஐயில் விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.